ஹீட் பம்ப் போட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? – வாசகர் கேள்விகளுக்குப் பதில்

அமெரிக்காவில் சொந்த வீட்டில் இருக்கும் வாசகர்களின் கேள்விகள் இவை. ஹீட் பம்ப் என்பது குளிர்காலத்தில் வெளியே உள்ள வெப்பத்தை உள்ளே இழுத்து வீட்டைச் சூடாக்கி, கோடையில் ஏசியாகவும் ஓடும் மின் கருவி. படிக்கும் முன் இரண்டு சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். ரிபேட் என்பது மாநிலமோ மின் நிறுவனமோ விலையில் தள்ளித் தருவது, அல்லது பிறகு காசோலையாக அனுப்புவது. டாக்ஸ் கிரெடிட் என்பது நீங்கள் கட்ட வேண்டிய வருமான வரியில் நேரடியாகக் குறைவது. முதலாவது கையில் காசு, வாயில் தோசை. இரண்டாவதற்கு வருடக் கணக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் 18 வருடப் பழைய கேஸ் ஃபர்னஸும் ஏசியும் இருக்கின்றன. இரண்டையும் எடுத்துவிட்டு ஹீட் பம்ப் போட 16,800 டாலர் ஆகும் என்று ஒரு கான்ட்ராக்டர் மதிப்பீடு கொடுத்திருக்கிறார். கடைசி வரியில் ‘ஃபெடரல் டாக்ஸ் கிரெடிட் 2,000’ என்று கழித்து, 14,800 என்று காட்டுகிறார். அந்தக் கிரெடிட்டே போய்விட்டது என்கிறார் அலுவலக நண்பர். யார் சொல்வது சரி?
– வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

நண்பர் சொல்வதுதான் சரி. வருமான வரிச் சட்டத்தின் 25சி பிரிவில் வரும் இந்தக் கிரெடிட்டை 2022 ஆகஸ்ட் 16 அன்று கையெழுத்தான இன்ஃப்ளேஷன் ரிடக்‌ஷன் சட்டம் விரிவாக்கியது. 2032 வரை இருக்கும் என்றுதான் அப்போது எழுதியிருந்தார்கள். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான ஒன் பிக் பியூட்டிஃபுல் பில் சட்டம் அதை 2025 டிசம்பர் 31-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அதன் பிறகு மாட்டிய ஹீட் பம்புக்கு 25சி-யில் ஒரு டாலரும் கிடையாது.

உங்கள் கான்ட்ராக்டர் பழைய படிவத்தையே அச்சடித்துக் கொடுத்திருக்கலாம். காரணம் எதுவானாலும் உங்கள் விலை 14,800 அல்ல, 16,800. மதிப்பீட்டைத் திருத்தி வாங்குங்கள். முழு விலை, ஒவ்வொரு ரிபேட்டும் அதைத் தருபவர் பெயரும், நீங்கள் கையிலிருந்து கட்டும் தொகை என மூன்றும் தனித்தனி வரியில் இருக்க வேண்டும். ரிபேட் மறுக்கப்பட்டால் அந்தத் தொகை யார் தலையில் விழும் என்பதையும் ஒரு வாக்கியமாக எழுதச் சொல்லுங்கள். பல ஒப்பந்தங்களில் இந்த வாக்கியம் இருக்காது, இருந்தால் பொடி எழுத்தில் உங்கள் தலையில் விழுந்திருக்கும்.

நியூ ஜெர்சியில் உங்களுக்கு மின்சாரமும் கேஸும் தரும் நிறுவனங்களின் ரிபேட்டை முதலில் பாருங்கள். அடுத்தது, நார்த் கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் சுத்த ஆற்றல் தொழில்நுட்ப மையம் நடத்தும் ‘டிசையர்’ தரவுத்தளம். மாநிலம் மாநிலமாக எந்தச் சலுகை நடப்பில் இருக்கிறது என்று அதில் தேடலாம். கான்ட்ராக்டர் சொன்ன ஒவ்வொரு தொகையையும் அதைத் தருபவரின் சொந்தத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

2025 செப்டம்பரில் ஹீட் பம்ப் போட்டோம், 14,500 டாலர். மின் நிறுவனம் 1,500 ரிபேட் கொடுத்தது. அதே மாதம் ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர் 4,200. இரண்டையும் தாங்க வீட்டின் 100 ஆம்ப் மின் பேனலை 200 ஆம்புக்கு மாற்றியது 2,800. எங்களுக்கு எவ்வளவு கிரெடிட் வரும்? எதை எங்கே எழுதுவது?
– வாசகி, நேப்பர்வில், இல்லினாய்

2,600 டாலர் வரும். கணக்கு இப்படி.

மின் நிறுவனம் தந்த ரிபேட்டை விலையிலிருந்து முதலில் கழிக்க வேண்டும். 14,500-இல் 1,500 போக 13,000. அதில் 30 சதவீதம் 3,900. வாட்டர் ஹீட்டருக்கு 4,200-இல் 30 சதவீதம் 1,260. ஆனால் ஹீட் பம்பும் ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டரும் ஒரே கூரையின் கீழ் வருபவை. இரண்டுக்கும் சேர்த்து ஒரு வருடத்துக்கு உச்சவரம்பு 2,000. அதனால் 5,160 வந்த இடத்தில் 2,000-தான்.

பேனல் வேறு கணக்கு. 2,800-இல் 30 சதவீதம் 840 என்றாலும் பேனலுக்கு வரம்பு 600. அதற்கு மூன்று நிபந்தனைகள்: தேசிய மின் விதிப்படி மாட்டியிருக்க வேண்டும், 200 ஆம்புக்குக் குறையக் கூடாது, தகுதியுள்ள ஒரு கருவியை மாட்டுவதற்காகவே போட்டதாக இருக்க வேண்டும். உங்களுடையது மூன்றிலும் தேறுகிறது. பேனலும் ஹீட் பம்பும் ஒரே வேலையின் பாகம் என்று இன்வாய்ஸில் ஒரு வரி இருந்தால் நல்லது. எலக்ட்ரீஷியன் தனி பில் கொடுத்திருந்தால் அதில் தேதியும் காரணமும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

ரிபேட் போக 6,667 டாலர் செலவானாலே 2,000 முழுதாக வந்துவிடும். ஆகவே ரிபேட்டைக் கழித்தால் கிரெடிட் குறைந்துவிடுமே என்று ஹீட் பம்ப் விஷயத்தில் கவலைப்பட வேண்டியதில்லை. அதைச் சொல்லாமல் விடுவதில் லாபம் ஒன்றுமில்லை, தணிக்கையில் மாட்டினால் நஷ்டம்தான்.

கருவியின் விலையோடு மாட்டும் கூலியும் சேரும். இன்சுலேஷன், ஜன்னல், கதவுக்கு மட்டும் கூலி சேராது. கடன் வாங்கிப் போட்டிருந்தால் வட்டி சேராது.

எழுத வேண்டியது படிவம் 5695-இன் இரண்டாம் பாகம். அதில் வரும் தொகை வருமான வரி ரிட்டர்ன் படிவமான 1040-இன் அட்டவணை 3-க்குப் போகும். 2025-க்கு மட்டும் ஒரு புது நிபந்தனை உண்டு. கருவியைத் தயாரித்தவர் ஃபெடரல் வரித் துறையான ஐ.ஆர்.எஸ்.-இடம் பதிந்த நான்கு எழுத்து அடையாளக் குறியீட்டைப் படிவத்தில் எழுத வேண்டும். ஹீட் பம்ப், வாட்டர் ஹீட்டர், பேனல் மூன்றுக்கும் தனித்தனியாக அது வேண்டும். தயாரிப்பாளரின் தளத்தில் வரிக் கிரெடிட் பக்கத்தில் கிடைக்கும். கான்ட்ராக்டரிடம் கேட்டால் பாதிப் பேருக்கு அது என்னவென்றே தெரியாது. மாடல் எண்ணையோ சீரியல் எண்ணையோ அந்தக் கட்டத்தில் எழுதாதீர்கள், அது வேறு, இது வேறு.

இன்வாய்ஸ், தயாரிப்பாளரின் சான்று, ரிபேட் கடிதம் எதையும் ரிட்டர்னோடு அனுப்ப வேண்டாம். வீட்டில் பத்திரமாக இருந்தால் போதும்.

எங்களுக்கு வருடாவருடம் ரீஃபண்ட்தான் வருகிறது. வரி பாக்கியே இல்லாதவர்களுக்கு இந்தக் கிரெடிட் கிடைக்காது என்கிறார்களே?
– வாசகர், பிளேனோ, டெக்சஸ்

ரீஃபண்ட் வருவதற்கும் வரி இல்லாததற்கும் சம்பந்தமில்லை. உங்கள் வருடம் முழுவதற்குமான வரி 11,400 என்று வையுங்கள். சம்பளத்தில் 13,000 பிடித்திருந்தார்கள், அதனால் 1,600 திரும்ப வந்தது. 2,000 கிரெடிட் சேர்ந்தால் வரி 9,400 ஆகி, 3,600 திரும்ப வரும். மொத்த வரியே 1,300-தான் என்றால் கிரெடிட்டும் 1,300-தான். மீதி 700 அடுத்த வருடத்துக்குப் போகாது, அங்கேயே கரைந்துவிடும்.

2023 அக்டோபரில் ஹீட் பம்ப் மாட்டினோம். கிரெடிட் இருப்பதை யாரும் சொல்லவில்லை. 2024 மார்ச்சில் ரிட்டர்னும் போட்டுவிட்டோம். கதை முடிந்ததா?
– வாசகி, கேரி, நார்த் கரோலினா

முடியவில்லை. கிரெடிட் ஒழிக்கப்பட்டது 2025-க்குப் பிறகு மாட்டியவற்றுக்குத்தான். 2023-இல் மாட்டியதற்கான உரிமை அப்படியே இருக்கிறது.

திருத்த ரிட்டர்ன், அதாவது 1040-எக்ஸ் போடுங்கள். கூடவே 2023-க்கான படிவம் 5695-ஐ நிரப்புங்கள். இந்த வருடத்துப் படிவத்தை எடுத்துவிட வேண்டாம், வருடம் மாறினால் வரி எண்களும் கேள்விகளும் மாறிவிடுகின்றன. நேப்பர்வில் வாசகிக்குச் சொன்ன நான்கு எழுத்துக் குறியீடு 2023, 2024 ஆண்டுகளுக்குத் தேவையில்லை. காரணம் எழுதும் பகுதியில் ‘2023 அக்டோபரில் மாட்டிய ஹீட் பம்புக்கான கிரெடிட் முதல் ரிட்டர்னில் விடுபட்டது’ என்ற அளவுக்கு எழுதினால் போதும், ஆங்கிலத்தில்.

பொதுவாக ரிட்டர்ன் போட்ட நாளிலிருந்து மூன்று வருடம் அவகாசம். கெடுவுக்கு முன்பே போட்டிருந்தாலும் கெடு நாளில் போட்டதாகவே கணக்கு. ஆகவே உங்களுக்கு 2027 ஏப்ரல் 15 வரை. அவகாசம் வாங்கி 2024 அக்டோபரில் போட்டவர்களுக்கு 2027 அக்டோபர் வரை. ஐ.ஆர்.எஸ். இதைப் பார்த்து முடிக்க 8 முதல் 12 வாரம் ஆகும், 16 வாரம்வரையும் இழுக்கும்.

முதலில் தேட வேண்டியது உங்கள் ஹீட் பம்ப் அந்த வருடத் தகுதியில் தேறுகிறதா என்பதை. சி.இ.இ. என்ற கூட்டமைப்பு அந்த ஆண்டின் தொடக்கத்தில் வகுத்திருந்த உயர்ந்த செயல்திறன் படியைத் தொட்டிருக்க வேண்டும். எல்லா ஹீட் பம்பும் தொடாது, மலிவு மாடல்கள் பெரும்பாலும் தொடாது. கருவித் தயாரிப்பாளர்களின் சங்கமான ஏ.ஹெச்.ஆர்.ஐ. தரும் செயல்திறன் சான்றிதழைக் கான்ட்ராக்டரிடம் கேளுங்கள். அவர் கடையை மூடிவிட்டாலும் பாதகமில்லை. வெளி யூனிட், உள் யூனிட் இரண்டின் மாடல் எண்ணும் தெரிந்தால் ஏ.ஹெச்.ஆர்.ஐ. பட்டியலில் நீங்களே தேடி எடுக்கலாம்.

அந்த வீட்டை இடையில் விற்றுவிட்டவர்களும் இதைக் கோரலாம். ஒரே ஒரு விஷயம்: ஹீட் பம்ப் செலவை வீட்டின் அடக்க விலையில் கூட்டும்போது வாங்கிய கிரெடிட்டைக் கழித்துவிட்டுக் கூட்ட வேண்டும்.

டிசம்பர் 20, 2025 அன்று முழுப் பணமும் கட்டிவிட்டோம். பனிப்புயலால் ஆட்கள் வந்து மாட்டியது ஜனவரி 6. பணம் கட்டிய ரசீது 2025-இல் இருப்பதால் கோரலாம்தானே?
– வாசகர், ரோசெஸ்டர், நியூயார்க்

கோர முடியாது. மாட்டி முடித்து இயங்கத் தொடங்கிய நாள்தான் கணக்கு, ரசீது நாள் அல்ல. மாட்டிய தேதியை மாற்றி எழுதித் தருகிறேன் என்று கான்ட்ராக்டர் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். நகராட்சி பெர்மிட்டின் ஆய்வுத் தேதி ஒரு பக்கம் இருக்கிறது, தயாரிப்பாளரிடம் வாரண்டிக்குப் பதிந்த தேதி இன்னொரு பக்கம் இருக்கிறது. நியூயார்க்கில் மின் நிறுவனங்கள் வழியாக வரும் ரிபேட்டை விடாமல் பாருங்கள். அதற்கு இந்தத் தேதி தடையல்ல.

ஹீட் பம்புக்கு 8,000 டாலர் வரை மாநிலம் தருகிறது என்று கேள்விப்பட்டோம். வீட்டில் நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், கூடவே என் அப்பா அம்மா. ஏற்கெனவே இருக்கும் ஹீட் பம்ப் 2009-இல் போட்டது. எங்களுக்குக் கிடைக்குமா?
– வாசகர், ஆல்ஃபரெட்டா, ஜார்ஜியா

நீங்கள் சொல்வது ஹீரா என்று சுருக்கமாக அழைக்கப்படும் திட்டம். பணம் ஃபெடரல் அரசுடையது, நடத்துவது மாநிலம். 2025-இல் வந்த சட்டம் வரிக் கிரெடிட்டை ஒழித்தது. இந்தத் திட்டத்தை ஒழிக்கவில்லை. ஆனால் எல்லா மாநிலத்திலும் தொடங்கவில்லை. நியூயார்க் 2024-இல் முதலில் தொடங்கியது. ஜார்ஜியா, வட கரோலினா, மிச்சிகன் போன்றவை பிறகு வந்தன. ஒரு மாநிலத்தின் பங்கு தீர்ந்தால் அதோடு சரி, கதவு மூடிவிடும்.

உங்கள் கேள்வியில் இரண்டு முட்டுக்கட்டைகள் இருக்கின்றன. பெரியதை முதலில் சொல்கிறோம். இந்தத் திட்டம் கேஸ், எண்ணெய், புரோபேன் போன்றவற்றிலிருந்து மின்சாரத்துக்கு மாறுபவர்களுக்கும், முதல் முறையாக ஹீட் பம்ப் வாங்குபவர்களுக்கும் உரியது. வெறும் மின் சுருளால் சூடாக்கும் வீடு ஹீட் பம்புக்கு மாறினால் அதுவும் முதல் முறை வாங்குவதில் சேரும். பழைய ஹீட் பம்பை எடுத்துவிட்டுப் புது ஹீட் பம்ப் போடுவது சேராது. தென் மாநிலங்களில் ஹீட் பம்ப் வீடுகள் ஏராளம், அதனால் அங்கேதான் இந்த ஏமாற்றமும் அதிகம். உங்கள் வீட்டில் வெளியே இருப்பது உண்மையிலேயே ஹீட் பம்ப்தானா, அல்லது வெறும் ஏசியும் உள்ளே கேஸ் ஃபர்னஸுமா என்று ஒருமுறை பாருங்கள். தெர்மோஸ்டாட்டில் ‘ஆக்ஸ் ஹீட்’ அல்லது ‘எமர்ஜென்சி ஹீட்’ என்று காட்டினால் ஹீட் பம்ப். குளிர்நாளில் சூடு வரும்போது வெளி யூனிட்டும் ஓடினால் சந்தேகமே வேண்டாம்.

இரண்டாவது, வருமானம். உங்கள் கவுண்டியின் இடைநிலை வருமானத்தில் 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் செலவு முழுவதும், 80-க்கும் 150-க்கும் இடையில் இருந்தால் செலவில் பாதி. இரண்டுக்குமே ஹீட் பம்புக்கு உச்சவரம்பு 8,000. 150-ஐத் தாண்டினால் ஒன்றுமில்லை. அளவுகோல் குடும்பத்தில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தது. ஆறு பேர் குடும்பத்துக்கு வரம்பு நான்கு பேருக்குள்ளதைவிட உயரும். ஆகவே உங்களோடு நிரந்தரமாக வசிக்கும் பெற்றோரை விண்ணப்பத்தில் விட்டுவிடாதீர்கள். விசிட்டர் விசாவில் ஆறு மாதம் வந்து போகிறவர்களைச் சேர்க்காதீர்கள்.

ஹீட் பம்புக்குத் தகுதி இல்லாமல் போனாலும் வீட்டின் மற்றச் சாமான்களைப் பாருங்கள். ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டருக்கு 1,750, கேஸ் அடுப்பை மாற்றி மின் அடுப்பு வைக்க 840, பேனலுக்கு 4,000, வயரிங்குக்கு 2,500, இன்சுலேஷனுக்கும் காற்றுக் கசிவை அடைப்பதற்கும் 1,600 வரை. ஒரு குடும்பத்துக்கு எல்லாம் சேர்த்து 14,000.

கூடவே ‘ஹோம்ஸ்’ என்ற இரண்டாவது திட்டம் இருக்கிறது. அது கருவியைப் பார்க்காது, வீடு எவ்வளவு ஆற்றல் மிச்சப்படுத்துகிறது என்று பார்க்கும். 20 சதவீதத்துக்கு மேல் மிச்சமாகும் என்று கணக்குக் காட்டினால் 2,000 வரை, 35 சதவீதத்துக்கு மேல் என்றால் 4,000 வரை, செலவில் பாதிக்கு மிகாமல். வருமானம் குறைந்த வீடுகளுக்கு இது இரட்டிப்பாகும். ஃபெடரல் சட்டத்தில் இதற்கு வருமான உச்சவரம்பு இல்லை, மாநிலம் தனியாக வைத்திருக்கலாம். பழைய ஹீட் பம்ப் வைத்திருக்கும் உங்களைப் போன்றவர்களுக்கு இதுதான் வழி. ஒரே வேலைக்கு இரண்டு திட்டத்திலும் வாங்க முடியாது.

இவை எல்லாவற்றிலும் வரிசை முக்கியம். முதலில் விண்ணப்பம், வருமானச் சான்று, ஒப்புதல். அடுத்து மாநிலப் பட்டியலில் உள்ள கான்ட்ராக்டர். கடைசியில்தான் மாட்டுவது. மாட்டிவிட்டு வந்து விண்ணப்பித்தால் எவ்வளவு தகுதி இருந்தாலும் கிடைக்காது. தாலி கட்டிய பிறகு ஜாதகம் பார்ப்பதுபோல் ஆகிவிடும். ஜூலை வெயிலில் ஏசி நின்றுபோய், அன்றே மாற்றிவிட்டு, மறுநாள் ரிபேட் தேடுகிறவர்கள் எல்லோரும் இதில்தான் சிக்குகிறார்கள். கருவிக்கு 15 வயது தாண்டிவிட்டால் அது ஓடிக்கொண்டிருக்கும்போதே விண்ணப்பத்தைத் தொடங்குங்கள்.

வெளி யூனிட் மட்டும் பழுது. அதை மாற்றினோம். மேல்மாடியில் இருக்கும் உள் யூனிட் நன்றாகத்தான் இருக்கிறது என்று கான்ட்ராக்டர் விட்டுவிட்டார். இப்போது மின் நிறுவனம் ‘ஏ.ஹெச்.ஆர்.ஐ. பொருந்தவில்லை’ என்று ரிபேட்டை மறுத்துவிட்டது. இது நியாயமா?
– வாசகி, ஹியூஸ்டன், டெக்சஸ்

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் நிறுவனத்தின் பக்கம் காரணம் இருக்கிறது. ஹீட் பம்பின் செயல்திறன் வெளி யூனிட்டில் மட்டும் இல்லை. உள்ளே இருக்கும் காயிலின் பரப்பு, காற்றைத் தள்ளும் மோட்டார், குளிரூட்டியை அளந்து விடும் வால்வு எல்லாம் சேர்ந்த ஜோடிக்குத்தான் குளிரூட்டும் திறனைக் காட்டும் எஸ்.இ.இ.ஆர்.2, சூடாக்கும் திறனைக் காட்டும் ஹெச்.எஸ்.பி.எஃப்.2 எண்களைச் சோதித்துக் கொடுக்கிறார்கள். அதே வெளி யூனிட் ஒரு காயிலோடு சேர்ந்தால் தேறும், இன்னொன்றோடு சேர்ந்தால் தேறாது. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு ஏ.ஹெச்.ஆர்.ஐ. எண் உண்டு. பத்து வருடப் பழைய காயிலோடு இந்த வருட யூனிட்டைச் சேர்த்தால் அந்த ஜோடிக்குப் பெரும்பாலும் எண்ணே இருக்காது.

இதில் ரிபேட்டைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. 2025 ஜனவரியிலிருந்து தயாராகும் வீட்டு ஹீட் பம்புகள் ஆர்-410ஏ குளிரூட்டியை விட்டு ஆர்-454பி அல்லது ஆர்-32-க்கு மாறிவிட்டன. இவை லேசாகத் தீப்பற்றக்கூடியவை. அதனால் புது உள் யூனிட்டுகளில் கசிவை உணரும் சென்சார் வருகிறது. பழைய 410ஏ காயிலோடு இவற்றைச் சேர்க்கவே கூடாது. வெளி யூனிட்டின் பக்கவாட்டில், செம்புக் குழாய்கள் நுழையும் இடத்துக்கு அருகில் உள்ள தகட்டைப் பாருங்கள். மாடல் எண், சீரியல் எண்ணுக்குக் கீழே குளிரூட்டியின் பெயரும் அளவும் அச்சாகியிருக்கும். உள் யூனிட்டின் கதவிலும் அதேபோல் ஒரு தகடு இருக்கும். இரண்டிலும் வேறு வேறு பெயர் இருந்தால் ரிபேட்டை மறந்துவிட்டுக் கான்ட்ராக்டரை உடனே கூப்பிடுங்கள்.

இரண்டிலும் ஒரே குளிரூட்டி என்றால், கான்ட்ராக்டரிடம் அந்த ஜோடிக்கு எண் இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். இருந்தால் சான்றிதழோடு மறுபடி விண்ணப்பிக்கலாம். இல்லையென்றால், பொருந்தும் உள் யூனிட்டைப் போட்டுத்தான் ரிபேட் வாங்க முடியும். அந்தச் செலவு ரிபேட்டைவிட அதிகமாகத்தான் இருக்கும்.

இனி போடப்போகிறவர்களுக்கு: ஏ.ஹெச்.ஆர்.ஐ. எண் மதிப்பீட்டிலேயே அச்சாகியிருக்க வேண்டும். மாட்டிய அன்றே இரண்டு தகட்டையும் படம் எடுத்து, எண்ணுக்கு எண் இன்வாய்ஸோடு ஒப்பிடுங்கள். சரக்கு கையிருப்பில் இல்லை என்று கடைசி நிமிடத்தில் வேறு காயில் போட்டுவிட்டு இன்வாய்ஸில் பழைய எண்ணையே விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது.

1962-இல் கட்டிய வீடு, எண்ணெய் பாய்லர். ஒரு கான்ட்ராக்டர் 5 டன் ஹீட் பம்பும் 10 கிலோவாட் துணைச் சுருளும் வேண்டும் என்கிறார். இன்னொருவர் 3 டன் போதும் என்கிறார். பெரியது போட்டால் ரிபேட்டும் கூடுமாமே?
– வாசகர், ஃபிராமிங்ஹாம், மாசசூசெட்ஸ்

டன் கணக்கில் ரிபேட் தரும் இடங்களில் இந்த ஆசை எல்லோருக்கும் வருகிறது. ரிபேட்டுக்காக அளவைக் கூட்டாதீர்கள். பெரிய யூனிட் இதமான நாட்களில் போட்டு நிறுத்திப் போட்டு நிறுத்தி ஓடும். கம்ப்ரசர் தேயும், கோடையில் காற்றின் ஈரத்தை எடுக்காது. கூடுதல் ரிபேட் ஒருமுறை வரும், அந்த யூனிட்டோடு பதினைந்து வருடம் வாழ வேண்டும்.

இருவரிடமும் ‘மேனுவல் ஜே’ கணக்கைக் கேளுங்கள். அறை அறையாக ஜன்னல், சுவர், கூரை, காற்றுக் கசிவு எல்லாவற்றையும் போட்டு, உங்கள் ஊரின் கடுங்குளிர் நாளில் வீடு மணிக்கு எத்தனை பி.டி.யு. வெப்பம் இழக்கிறது என்று சொல்லும் கணக்கு அது. சதுர அடியைப் பார்த்துவிட்டு டன் சொல்கிறவர் கணக்குப் போடவில்லை என்று அர்த்தம். ஒரு டன் என்றால் மணிக்கு 12,000 பி.டி.யு. ஆனால் பெட்டியில் எழுதியிருக்கும் டன் குளிர்நாளில் வருவதில்லை. 5 டிகிரி ஃபாரன்ஹீட்டில் அந்த மாடல் எவ்வளவு தரும் என்பதை நீப் என்ற அமைப்பின் குளிர்ப் பிரதேச ஹீட் பம்ப் பட்டியலில் பார்க்கலாம். அந்த எண்ணையும் மேனுவல் ஜே எண்ணையும் அருகருகே வைத்தால் யார் சொல்வது சரி என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. 1962 வீடு ஓட்டைப் பானை. உங்கள் மாநில மின், கேஸ் நிறுவனங்கள் நடத்தும் மாஸ் சேவ் திட்டத்தில் முதலில் வீட்டு ஆற்றல் ஆய்வுக்குப் பதியுங்கள். 2000-க்கு முன் கட்டிய வீடு என்றால் போதிய அளவு இன்சுலேஷன் இருப்பதை முழுவீட்டு ஹீட் பம்ப் ரிபேட்டுக்கு நிபந்தனையாகவே வைத்திருக்கிறார்கள். பரண் இன்சுலேஷனும் காற்றடைப்பும் முடிந்த பிறகு மேனுவல் ஜே போடுங்கள். முன்பு 40,000 பி.டி.யு. கேட்ட வீடு 30,000-க்கு இறங்கினால் யூனிட் ஒரு படி சின்னதாகும், அதன் விலையும் இறங்கும்.

கடுங்குளிரில் ஹீட் பம்புக்குக் கைகொடுக்கும் துணை மின் சுருளைப் பற்றி. 10 கிலோவாட் சுருள் 240 வோல்ட்டில் ஏறத்தாழ 42 ஆம்ப் இழுக்கும், 60 ஆம்ப் பிரேக்கர் வேண்டும். உங்கள் வீட்டில் 100 ஆம்ப் பேனல் என்றால் இந்த ஒரு சுருளால்தான் பேனலை மாற்றும் செலவே வரும். சரியான அளவு குளிர்ப் பிரதேச ஹீட் பம்ப் போட்டால் 5 கிலோவாட் போதுமா, சுருளே இல்லாமல் முடியுமா என்று கேளுங்கள். சுருள் இருந்தால், வெளியே 30 டிகிரிக்கு மேல் இருக்கும்போது அது ஓடக்கூடாது என்று தெர்மோஸ்டாட்டில் பூட்டச் சொல்லுங்கள். இரவில் 62-க்கு இறக்கிக் காலையில் 70-க்கு ஏற்றும் பழக்கம் பாய்லரோடு போகட்டும். ஹீட் பம்பில் அப்படிச் செய்தால் தினமும் காலையில் சுருள் எரியும். ஹீட் பம்ப் போட்டும் பில் குறையவில்லை என்ற புகார்களில் பல இங்கேதான் முடிகின்றன.

பாய்லரைத் துண்டித்ததற்குச் சில திட்டங்கள் படம் கேட்கும். ஆட்கள் அதைத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன் எடுத்து வையுங்கள்.

நாங்கள் எச்-1பி விசாவில் இருக்கிறோம். 2025-இல் எங்கள் வீட்டுக்கும், வாடகைக்கு விட்டிருக்கும் டவுன்ஹவுஸுக்கும் ஹீட் பம்ப் போட்டோம். இரண்டுக்கும் கோரலாமா?
– வாசகர், ஆஷ்பர்ன், வர்ஜீனியா

விசா வகை இதில் நிபந்தனையே இல்லை. குடியிருக்கும் வீட்டுக்குக் கோரலாம். வாடகை வீட்டில் நீங்கள் வசிக்காததால் 25சி கிடையாது. அந்தச் செலவு வாடகை வருமானக் கணக்கில் தேய்மானமாகப் போகும். மாறாக, உங்கள் வாடகைக்காரர் தன் கைக்காசில் போட்டிருந்தால் அவர் கோரலாம்.

பழைய மின் வாட்டர் ஹீட்டரை ஹீட் பம்ப் வகைக்கு மாற்ற நினைக்கிறோம். இப்போது ஒரு சின்ன அலமாரி அறைக்குள் இருக்கிறது. ரிபேட்டைத் தவிர வேறென்ன பார்க்க வேண்டும்?
– வாசகி, நோவை, மிச்சிகன்

காற்று. இது சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை உறிஞ்சித் தண்ணீருக்குத் தருவது. பல மாடல்கள் 700 கன அடி அளவுக்கு இடம் கேட்கும், அதாவது 10 அடிக்கு 9 அடி அறை, 8 அடி உயரம். அலமாரிக்குள் அப்படியே வைத்தால் தன்னைச் சுற்றித் தானே குளிர்வித்துக்கொண்டு, மின் சுருளுக்கு மாறிவிடும். பில் பழையபடியே வரும். காற்று புகும் துளைகள் உள்ள கதவு போடலாம், அல்லது காற்றுக்குழாய் இணைக்கலாம். பேஸ்மென்ட் இருந்தால் அங்கே நகர்த்துவது இன்னும் நல்லது.

சொட்டும் தண்ணீருக்கு ஒரு வடிகால் வேண்டும், பக்கத்தில் இல்லையென்றால் சின்னப் பம்பு. ஏற்கெனவே மின் ஹீட்டர் இருப்பதால் 240 வோல்ட் 30 ஆம்ப் இணைப்பு தயாராக இருக்கும், வயரிங் செலவு மிச்சம். படுக்கையறைச் சுவருக்கு அப்பால் வைக்காதீர்கள், விசிறி ஓசை இரவில் கேட்கும். நான்கு பேருக்கு மேல் இருந்தால் 50 கேலனைவிட 65 எடுங்கள். சூடேறும் வேகம் குறைவு என்பதைத் தொட்டியின் அளவு ஈடுகட்டும். மிச்சிகனில் ஹீராவின் 1,750-க்கு மாட்டும் முன்பே ஒப்புதல் வாங்குங்கள்.

2024-இல் நிலத்தடி ஜியோதெர்மல் ஹீட் பம்ப் போட்டோம், 42,000 டாலர். 12,600 கிரெடிட்டில் அந்த வருட வரிக்கு 7,000-தான் பயன்பட்டது. சட்டம் மாறிவிட்டதால் மீதி போய்விட்டதா?
– வாசகர், ஈடன் பிரெய்ரி, மினசோட்டா

போகவில்லை. உங்களுடையது 25சி அல்ல, 25டி என்ற வேறு பிரிவு. அதில் 30 சதவீதத்துக்கு உச்சவரம்பு கிடையாது, மீதியை அடுத்த வருடத்துக்கு எடுத்துப் போகலாம். 2025-க்குப் பிறகு செய்யும் புதிய செலவுக்குத்தான் 25டி நின்றது. 2024-இல் உங்களுக்கு வந்துவிட்ட 5,600 உங்களுடையதே. 2025 ரிட்டர்னில் புதிதாக எதுவும் வாங்கியிராவிட்டாலும் படிவம் 5695-இன் முதல் பாகத்தைப் போட்டே ஆக வேண்டும். முந்தைய வருட மீதிக்கென்று அதில் ஒரு வரி இருக்கிறது, அங்கே 5,600 எழுதுங்கள். வரி மென்பொருளை மாற்றியவர்களுக்கும் புது ஆடிட்டரிடம் போனவர்களுக்கும் இந்த எண் தானாக வந்து சேராது. 2024 படிவத்தின் நகலைக் கையில் எடுத்துப் போங்கள்.